ஒரு வருஷப் படிப்பும் கொல்லிமலையும்

இன்னைக்கு நாமக்கல் மாவட்டம் முள்ளுக்குறிச்சிப் பக்கம் போகலாம். கொல்லிமலையோட அடிவாரம். இப்போ அங்கிருந்து மேலே ரோடு ஏறுது. நூறு வருஷம் முன்னாடி மலைக்குப் போக நடைதான், முடியாதவங்களுக்கு டோலி. அந்தக் காலத்துல மலை மேலே வைத்தியம் பார்த்தவர் ஜெஸ்ஸி பிராண்ட், 1907-ல் இந்தியா வந்த ஆங்கிலேய மிஷனரி.

அவரை டாக்டர்னு நினைச்சுடாதீங்க. கட்டட வேலை தெரிஞ்சவர். லண்டன்ல லிவிங்ஸ்டன் கல்லூரின்னு ஒன்று. டாக்டரே கிடைக்காத ஊர்களுக்குப் போகும் மிஷனரிகளுக்கு அடிப்படை வைத்தியம் சொல்லித்தர 1893-ல் தொடங்கியது. அங்கே ஒரு வருஷம் படிச்சார், அவ்வளவுதான். இன்றைய கணக்கில் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் மாதிரி. ஆனா சந்தேகம் வந்தா கேட்டுக்கொள்ள மலையில ஒரு ஃபிசிஷியன் கிடையாது.

அங்கே பெரிய தொல்லை நரம்புச்சிலந்தி. தண்ணீர்ல இருக்குற கண்ணுக்குத் தெரியாத பூச்சி வழியா உடம்புக்குள்ள போய், ஒரு வருஷம் கழிச்சு காலைத் துளைச்சுக்கிட்டு நீளமான புழுவா வெளியே வரும். அதைக் குச்சியில சுத்திச் சுத்தி, நாளுக்குக் கொஞ்சமா இழுக்கணும். அறுந்தா புண் சீழ் பிடிக்கும். இதைச் செய்ய பெரிய படிப்பு வேண்டாம், பொறுமை வேணும். ஆனா எத்தனை புழு எடுத்தாலும், புண்ணோட ஒருத்தர் குடிதண்ணீர்ல காலை நனைச்சா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பம். அதனால வைத்தியரே வாத்தியாராகவும் ஆகவேண்டியிருந்தது. (இந்தியாவுல இந்த நோய் ஒழிஞ்சதா உலக சுகாதார நிறுவனம் 2000-ல் சான்று கொடுத்தது. மருந்தால இல்லை, தடுப்பூசியாலயும் இல்லை. நல்ல தண்ணீர், நேர்ல போய்ச் சொன்ன பேச்சு.)

ஜெஸ்ஸி 1929-ல் கருநீர்க் காய்ச்சல்ல செத்தார். மலேரியா முத்தி வர்றது அது.

மகன் பால் பிராண்டுக்குச் சின்ன வயசுல அப்பாவோட வைத்தியத்தில் பார்த்த ரத்தமும் சீழும் அருவருப்பு. மருத்துவம் வேண்டாம்னு கட்டட வேலை கத்துக்கிட்டார். பிறகு அதே லிவிங்ஸ்டன் கல்லூரியில அதே ஒரு வருஷப் படிப்பு. அதுதான் அவர் மனசை மாத்துச்சு. முறையா மருத்துவம் படிச்சு, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவைச் சிகிச்சை சொல்லிக்கொடுக்க வந்தார். தொழுநோயில விரல் போறது சதை அழுகி இல்லை, வலி தெரியாம அடிபட்டுத்தான்னு காட்டினார். அதனால கத்தியைவிட முக்கியம், தினமும் பாதத்தைப் பார்த்துக்கோன்னு நோயாளிக்கே சொல்லிக்கொடுக்குறது. அப்பா மலையில செய்ததும் இதைத்தானே!

இப்போ அந்தப் பெயருக்கு வருவோம். அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகம் 1965-ல் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பைத் தொடங்கினப்போ, கடற்படையில மருத்துவப் பணி பார்த்தவங்களை எடுத்துக்கிட்டாங்க. டாக்டர் பற்றாக்குறைதான் காரணம், கிராமத்துல அது இன்னும் மோசம். இங்கே 1992-ல் டாக்டர் கே.எம்.செரியன் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன்ல தொடங்கினது இதய அறுவைச் சிகிச்சைக்கு உதவியாளர் வேணும்னு. ஆக, நம்ம ஊர்ல இந்தத் தொழில் மலையில பிறக்கலை, ஆபரேஷன் தியேட்டர்ல பிறந்தது. 2021-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்துலயும் இப்போ அதுக்கு ஒரு இடம் இருக்கு.

ஜெஸ்ஸியோட மனைவி ஈவ்லின் அதுக்கெல்லாம் காத்திருக்கலை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் திரும்ப மலையேறி, மட்டக்குதிரையில ஊர் ஊராப் போனாங்க. 1974-ல், 95 வயசுல இறந்தாங்க.