குழந்தைகளின் வெளிர் திட்டுகள்: கத்தியின்றி நோயறிந்த வரலாறு

குழந்தையின் கன்னத்தில் வெளிர் திட்டு ஒன்று தோன்றினால், வீட்டில் முதலில் எழும் பேச்சு 'வயிற்றில் பூச்சி' என்பதுதான். அடுத்தது சுண்ணாம்புச் சத்துக் குறைவு. மூன்றாவதாக வரும் 'வெண்குட்டமோ?' என்ற முணுமுணுப்புதான் குடும்பத்தையே ஒடுங்கச் செய்வது. நிறமியை மட்டும் பாதிக்கிற, யாருக்கும் தொற்றாத ஒரு குறைபாட்டின் மீது தொழுநோயின் பெயரை ஏற்றியது தமிழில் நேர்ந்த பெரும்பிழை. அதனால் இப்போது வெண்புள்ளி என்ற சொல்லே புழக்கத்தில் இருக்கிறது.

பெயர்க் குழப்பம் ஒருபுறம் இருக்க, உண்மையான சிக்கலும் உண்டு. தேமல், தொடக்க நிலை வெண்புள்ளி, பிறவியிலேயே வரும் வெளிர் மச்சம், தொழுநோயின் முதல் திட்டு ஆகியவை வெறும் கண்ணுக்குப் பல சமயம் ஒன்றுபோலவே தெரியும். தோலில் சிறு துண்டை வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கலாம். ஆனால் குழந்தையின் முகத்தில் கத்தி வைக்க யாருக்கும் மனம் வராது, தழும்பும் நிற்கும். வெண்புள்ளி உள்ள தோலில் காயம் பட்டால் அந்த இடத்திலேயே புதிய வெள்ளைத் திட்டு உண்டாகலாம். நோயை அறிவதற்கான வழியே நோயைப் பெருக்கிவிடக்கூடும் என்ற இந்த நிலைதான் வெட்டாமல் பார்க்கும் முறைகளைத் தேட வைத்தது.

உட் விளக்கு

முதல் விடை ஓர் இயற்பியலாளரிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராபர்ட் வில்லியம்ஸ் உட், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துப் புற ஊதாக் கதிரை மட்டும் விடும் வடிகட்டியை 1903இல் உருவாக்கினார். மருத்துவம் அவர் எண்ணத்தில் இல்லை. முதல் உலகப் போரில் பிறர் கண்ணில் படாத சைகை விளக்குகளுக்கு அது பயன்பட்டது. (பிரான்சில் புளோண்ட்லோ கண்டதாகச் சொன்ன 'என் கதிர்கள்' வெறும் மயக்கமே என்று 1904இல் இருட்டறையில் வைத்து அம்பலப்படுத்தியவரும் இதே உட்தான்.)

1925இல் மார்கரோ, தெவேஸ் என்னும் பிரெஞ்சு மருத்துவர்கள், தலைமுடியைத் தாக்கும் பூஞ்சைத் தொற்றைக் கண்டறிய இவ்விளக்கைப் பயன்படுத்தினர். சில வகைப் பூஞ்சை பற்றிய முடி பச்சையாக மின்னியது. பூஞ்சைக்காகத் தோல் மருத்துவத்துக்குள் நுழைந்த விளக்கு, நிறமியைப் படிக்கும் கருவியாக நிலைத்தது.

அது வேலை செய்யும் விதம் எளியது. மேல்தோலின் மெலனின் நிறமி புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். நிறமி இல்லாத இடத்தில் கதிர் உள்தோல் வரை போய், அங்குள்ள கொலாஜன் இழைகளை நீலமாக ஒளிரச் செய்யும். அந்த ஒளி தடையின்றி வெளியே வரும். எனவே நிறமியை முற்றும் இழந்த வெண்புள்ளி, சுண்ணாம்பு பூசியதுபோல் கூரிய ஓரத்துடன் பளிச்சிடும். நிறமி குறைந்து மட்டும் இருக்கிற தேமலும் வெளிர் மச்சமும் அவ்வளவு பளிச்சிடுவதில்லை. ரத்தநாளம் சுருங்கியதால் வெளிறித் தெரியும் மச்சமோ விளக்கின் அடியில் மறைந்தே போகும். அங்கே நிறமி குறையவில்லை.

இலை வடிவத் திட்டு

இந்த விளக்கின் அருமை 1960களில்தான் முழுதாக வெளிப்பட்டது. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்பது மூளை, சிறுநீரகம், இதயம் முதலிய உறுப்புகளில் கட்டிகளை உண்டாக்கும் மரபணு நோய். அதன் முகக் கட்டிகள் தோன்றப் பல ஆண்டுகள் ஆகும். வலிப்போ பலருக்கு முதல் வயதிலேயே தொடங்கிவிடும். 1968இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக்கும் அவர் குழுவினரும், ஒரு முனை உருண்டும் மறுமுனை கூர்ந்தும் ஆஷ் மரத்தின் இலைபோல் இருக்கும் வெளிர் திட்டுகளே இந்நோயின் கண்ணுக்குத் தெரியும் முதல் அடையாளம் என்று எழுதினர்.

அத்திட்டுகள் பெரும்பாலும் பிறப்பிலேயே இருப்பவை. வெள்ளைத் தோல் குழந்தைகளில் அவை பகலொளியில் எளிதில் தெரியாது. உட் விளக்கில்தான் தெளியும். இன்றைய வரையறையின்படி, 5 மில்லிமீட்டருக்குக் குறையாத 3 திட்டுகளாவது இருந்தால் அது நோயின் முக்கியக் குறிகளுள் ஒன்றாகக் கொள்ளப்படும். ஒன்றிரண்டு திட்டுகள் நலமான குழந்தைகளுக்கும் இருக்கும். அதைக் கண்டு பெற்றோர் கலங்க வேண்டியதில்லை.

வெட்டாத நுண்ணோக்கிகள்

தோலை உருப்பெருக்கிப் பார்க்கும் முறைக்கு 1920இல் மியூனிக்கின் யோகான் சஃபியர் 'டெர்மடோஸ்கோபி' என்று பெயரிட்டார். அது கையடக்கக் கருவியாகப் பரவியது 1980களின் இறுதியில்தான். புற்றுநோய் மச்சங்களுக்காக வளர்ந்த இக்கருவி வெளிர் திட்டுகளிலும் உதவுகிறது: தேமலில் மெல்லிய செதில் தெரியும், வெண்புள்ளியில் மயிர்க்கால்களைச் சுற்றி மட்டும் நிறம் எஞ்சியிருப்பது தெரியும்.

அடுத்த படி கன்ஃபோகல் நுண்ணோக்கி. பின்னாளில் செயற்கை நுண்ணறிவின் முன்னோடியாகப் பெயர்பெற்ற மார்வின் மின்ஸ்கி, மூளை நரம்புகளின் பின்னலைக் காண விரும்பி 1955இல் இதை வடிவமைத்தார். 1995இல் பாஸ்டனில் மிலிந்த் ராஜாத்யக்ஷாவும் உடன் பணியாற்றியவர்களும் உயிருள்ள மனிதத் தோலை லேசர் கொண்டு இம்முறையில் படம்பிடித்து, மெலனின் அதில் பிரகாசமாகத் தெரிவதைக் காட்டினர். இயல்பான தோலில் மேல்தோலின் அடி அடுக்கு ஒளி வளையங்களாகத் தெரியும். நன்கு வளர்ந்த வெண்புள்ளியில் வளையங்கள் இல்லாமலே போகும்; வெளிர் மச்சத்தில் அவை மங்கினாலும் உருக் குலைவதில்லை. கத்தியின்றித் திசுவையே பார்ப்பதற்கு இது ஏறக்குறைய ஈடாகும். ஆனால் கருவியின் விலை மிக அதிகம். குழந்தையும் அசையாமல் இருந்தாக வேண்டும். என் பார்வையில், சாதாரண மருத்துவமனைக்கு இன்றும் ஏற்றது நூறாண்டு கண்ட உட் விளக்குதான். அதிலும் தவறு நேரும்: முகத்தில் தடவிய களிம்பு, சோப்பின் எச்சம், துணியின் பஞ்சு இவையும் ஒளிரும். அறை நன்றாக இருட்டாக இல்லாவிட்டால் எதுவும் தெளிவாகத் தெரியாது.

இக்கருவிகள் எவையும் தொழுநோயை உறுதிசெய்யப் போதுமானவை அல்ல. அதன் திட்டில் உணர்ச்சி குறையும். பஞ்சால் தொட்டுச் சோதிப்பார்கள். ஆனால் நரம்புகள் செறிந்த முகத்தில் உணர்ச்சி குறையாமலும் இருக்கலாம். சிறு குழந்தைக்குத் தெரிகிறதா இல்லையா என்று சொல்லவும் வராது. அதனால் நரம்புகள் தடித்திருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்து, வீட்டில் வேறு யாருக்கேனும் நோய் உண்டா என்று விசாரித்து, சில வாரம் கழித்து மறுபடி வரச் சொல்கிறார்கள். அதன் பிறகும் ஐயம் தீராத சிலருக்குத் தோலை வெட்டி எடுத்தே பார்க்க வேண்டியிருக்கிறது.