வில்லுக்கு அச்சாரம்

நாஞ்சில் நாட்டில் பாடகரையும் மேளக்காரரையும் பணம் பேசி அமர்த்தும் வழக்கம் பெரிய கோயில்களில் தொடங்கி, பிறகு சின்னக் கோயில்களுக்கு வந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் மார்கழித் திருவிழாவும் நாகர்கோவில் நாகராஜா கோயிலின் தைத் திருவிழாவும் அவ்வளவு பெரியவை. அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்த பெரிய கோயில்களில் வாத்தியம் வாசிப்பது ஊழியம். வாசிப்பவருக்கு விருத்தி நிலம் உண்டு, கோயில் சோறு உண்டு, தகப்பனுக்குப் பின் மகன் என்ற உரிமையும் உண்டு. கே. கே. பிள்ளை 1953இல் வெளியிட்ட சுசீந்திரம் கோயில் பற்றிய ஆங்கில நூலைப் படித்தால், கோயில் பணியாளர்கள் எவ்வளவு நுட்பமாக வரிசைப்படுத்தப்பட்டிருந்தார்கள் என்பது தெரியும். அங்கே இந்த ஆண்டு யாரை அழைப்பது என்ற கேள்வியே எழாது. கேள்வி எழுந்த இடம் ஊர்க்கோடியில் இருந்த முத்தாரம்மன், இசக்கியம்மன், சுடலைமாடன், சாஸ்தா கோயில்கள்தான். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நிலமும் இல்லை, பரம்பரை ஊழியரும் இல்லை. ஆண்டுதோறும் தலைக்கட்டு வரி பிரித்து, அதில் வில்லுப்பாட்டுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கி, ஆள் தேடிப் போக வேண்டும். கலைஞருக்கு விலை வைத்ததும், ஒருவரை விட்டு இன்னொருவரைத் தேர்ந்ததும், ஒரே குழுவுக்கு இரண்டு ஊர்கள் மல்லுக்கு நின்றதும் இந்தச் சின்னக் கோயில்களின் கொடை விழாக்களில்தான்.

இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. நாஞ்சில் நாட்டை ஒட்டிய தென் திருநெல்வேலியில் மதப்பணி செய்த ராபர்ட் கால்டுவெல் 1849இல் சாணார்களைப் பற்றி எழுதிய சிறு நூலில், பேயாட்டம் என்று அவர் குறித்த சாமியாட்டத்தில் ஒலித்த கருவிகளை விவரிக்கிறார். பறையும் கொம்பும் எப்போதும் உண்டு. விழா நடத்துகிறவர்களுக்கு வசதி இருந்தால் கிளாரினெட்டும் சேரும். எல்லாரும் அதிகம் விரும்புவது, மணிகள் கட்டி, பெரிய குடத்தின்மேல் சாய்த்துக் கோலால் அடித்து வாசிக்கும் வில். அந்த வழிபாட்டின்மேல் அவருக்கு இருந்த வெறுப்பு வரிக்கு வரி தெரிகிறது. வில் பிடித்துப்போனதற்கு அதன் சத்தமே காரணம் என்கிறார். சத்தம் பிடிக்காத பாதிரியார் நமக்குக் கணக்கப்பிள்ளை வேலை பார்த்துக் கொடுத்திருக்கிறார். கையில் இருக்கும் காசுக்குத் தக்கபடி கருவி கூடும், குறையும் என்பது அவர் குறிப்பிலேயே இருக்கிறது. கூலி பேசி ஆள் அமர்த்தும் விழாவில்தான் இது நடக்கும். வசதியைப் பொறுத்தது கிளாரினெட். வில்லுக்கு அப்படி நிபந்தனை ஏதும் அவர் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

வசதி குறைந்த கோயில் நல்ல அண்ணாவியை, அதாவது வில்லுப்பாட்டுக் குழுத் தலைவரை, எப்படிப் பிடித்தது? முதல் காரணம் நாள். பெரிய கோயில் திருவிழா நட்சத்திரத்துக்குக் கட்டுப்பட்டது. கொடியேற்றம், தேர், ஆறாட்டு எல்லாம் பஞ்சாங்கம் சொன்னபடிதான் நடக்கும். கொடைக்கு மாதம் மரபு, கிழமை மரபு. ஆனால் எந்த வெள்ளி, எந்தச் செவ்வாய் என்பதைப் பல ஊர்களில் ஊர்க்கூட்டம் தீர்மானிக்கும். நாஞ்சில் நாட்டு வயல்களில் கும்பப்பூப் போகத்தின் அறுப்பு மாசியில் முடியும். கையில் நெல்லும் பணமும் புழங்கத் தொடங்கும் அந்த நாட்களுக்குப் பிறகு கொடைகள் அடுக்கடுக்காக வரும். ஒரு மாதத்தில் வெள்ளியும் செவ்வாயும் சேர்ந்து எட்டோ ஒன்பதோதான். ஆகவே வில்லுப்பாட்டுக் குழுவுக்காக ஒரு சின்ன ஊர் போட்டியிட்டது சுசீந்திரத்தோடு அல்ல, அதே வெள்ளியில் கொடை வைத்த பக்கத்து ஊரோடு. அச்சாரம் முந்திக் கொடுத்தவருக்கே குழு. பிந்தியவர்கள் வேறு குழுவைத் தேட வேண்டும், இல்லையென்றால் கொடையை ஒரு வாரம் தள்ள வேண்டும். நாளை வளைத்துக்கொள்ள முடிந்தது சின்னக் கோயிலின் பெரிய பலம். இரண்டாவது காரணம் கதை. கொடைக்கு வில்லுப்பாட்டு வெறும் கச்சேரி அல்ல. அந்தக் கோயில் தெய்வம் எங்கே பிறந்தது, அல்லது யாரால் கொலையுண்டது, எப்படி அந்த ஊருக்கு வந்து நிலையம் கொண்டது என்று பாடி வர வேண்டும். பாட்டு அந்த இடத்தைத் தொடும்போது சாமியாடிக்கு அருள் வர வேண்டும். 1970களின் இறுதியில் இந்தப் பகுதியில் கள ஆய்வு செய்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988இல் வெளிவந்த தம் நூலில் இந்தப் பிறப்புக் கதை, இறப்புக் கதை வேறுபாட்டையே மையமாக வைத்து எழுதினார். தோட்டுக்காரி அம்மன் கதையையும் நீலி கதையையும் ஏடு பார்க்காமல் பாடத் தெரிந்தவர், அந்த ஊர்க் கோயிலின் துணைத் தெய்வங்களின் வரிசையும் தெரிந்தவர், எத்தனை பேர் இருப்பார்கள்? அப்படித் தெரிந்த அண்ணாவிக்கும் அந்த ஊருக்கும் தலைமுறை கடந்த பழக்கம் ஏற்பட்டுவிடும். கூடுதல் பணம் சொல்லி அவரை வேறு ஊர் இழுத்துப் போகலாம். ஆனால் இந்த ஊரின் கதையை அங்கே பாடி அவருக்கு என்ன பயன்?

பணம் இருக்கும் இடத்துக்குத்தானே புகழ்பெற்ற கலைஞர் போவார், கதையும் பழக்கமும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு நாஞ்சில் நாட்டு வரலாறே ஒரு பதில் வைத்திருக்கிறது. இந்த வட்டாரத்தில் நடந்த பெரிய இசை விழா பத்மநாபபுரம் அரண்மனையின் நவராத்திரி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிய பின் விழாவும் அங்கே போய்விட்டது. இன்றும் ஆண்டுதோறும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் அதற்காகத் திருவனந்தபுரம் போய் வருகிறார்கள். அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலையும் கர்நாடக இசைக் கச்சேரி நடக்கிறது. ஒவ்வொரு நாளுக்கும் உரிய சுவாதித் திருநாள் கிருதி வரையறுக்கப்பட்டிருக்கிறது. அரண்மனை ஆதரித்த விழா அரண்மனையோடு இடம் மாறியது. ஊர்க் கொடைக்கு அப்படி இடம் மாறும் தேவை இருக்கவில்லை. பெரிய ஆதரவு கிடைத்த கலைஞர் அதன் பின்னால் போனார் என்பது உண்மையே. ஆனால் அவர் கொடைக்கு வேண்டிய கலைஞர் அல்லர். இரண்டு விழாக்களும் வெவ்வேறு ஆட்களைத் தேடின. சின்ன விழா தோற்றுப்போகாமல் இருந்ததற்கு இதுவே அடிப்படை.

இதை வைத்துக் கொடையைப் பொற்காலமாகக் காட்டவும் முடியாது. பெரும்பாலான கொடைகள் ஒரு சாதியின், ஒரு குடும்ப வகையறாவின் விழாக்கள். எந்தக் குழு எந்தக் கோயிலுக்கு வரலாம் என்பதில் திறமையோடு சாதியும் பேசியது. சுடலைமாடன் கோயில்களில் மகுடம் என்னும் தோல்கருவியை அடித்துக் கூத்து நிகழ்த்திய கணியான்களுக்கு அந்த உரிமை பரம்பரையாக இருந்தது. அதோடு சேர்ந்த இழிவும் பரம்பரையாகவே இருந்தது. அறுப்புக்குப் பிந்திய சில மாத இரவுகளை நம்பி ஆண்டு முழுவதையும் ஓட்டிய குழுவினர் பேரம் பேச முடிந்தது கொஞ்சமே. வெள்ளிக்கிழமைகளின் தட்டுப்பாடு அவர்களுக்குக் கொஞ்சம் கை கொடுத்தது, அவ்வளவுதான். பெண்கள் வில்லின் முன் அமர்ந்தபோதும் கூட்டம் சேர்ந்தது, வசையும் சேர்ந்தது. சிறுமியாக மேடையேறி முதுமை வரை அறியப்பட்ட வில்லுப்பாட்டுப் பாடகி பூங்கனி 2018இல் மறைந்தார். ஊர் ஊராக அவரைத் தேடி அழைத்தவை இந்தக் கொடைகள்தான், அவர் இறுதிக் காலத்து வறுமையைத் தடுக்க முடியாதவையும் இவையே.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வில்லுக்கு வேறு மேடைகள் கிடைத்தன. 1908இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், சிறுவயதில் கேட்ட வில்லைக் காந்தி கதை சொல்லப் பயன்படுத்திப் பல மேடைகளுக்குக் கொண்டுபோனார். அவர் வழியில் சென்னைக்கு வந்த சுப்பு ஆறுமுகம் அதைச் சபாவுக்கும் வானொலிக்கும் உரியதாக்கினார். ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் முடியும் வில்லுப்பாட்டு அப்படித்தான் பிறந்தது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984இல் நாகர்கோவிலில் தொடங்கியது. கொடை நோட்டீசில் குழுத் தலைவரின் பெயருக்கு முன்னால் 'வானொலி புகழ்' என்று அச்சடிப்பதற்கு ஒரு மதிப்பு இருந்தது. இதனால் கொடைக்குக் கேடு வந்ததாக நான் நினைக்கவில்லை. கேடு வந்தது கொடைக் கமிட்டிகள் பெரிய திருவிழாவைப் பார்த்துத் திட்டம் போடத் தொடங்கியபோதுதான். மெல்லிசைக் குழு, கேரளத்துச் சிங்காரி மேளம், சீரியல் விளக்கு, கடைசியில் வில் என்று வரிசை மாறியது. மெல்லிசைக் குழுவுக்கு எந்த ஊரும் ஒன்றுதான். கூடுதல் பணம் தருகிறவருக்கே அது. நாளை வளைக்கும் வசதியோ ஊர்க் கதையோ அங்கே உதவாது. வரிப் பணத்தை மட்டும் நம்பிய கோயில் அந்தப் பேரத்தில் இறங்கினால் பெரிய கோயிலிடம் தோற்கத்தான் வேண்டும், தோற்றும் வருகிறது. இளைஞர்கள் கேட்பதைக் கொடுக்காமல் கூட்டம் எப்படிச் சேரும் என்பது கமிட்டிக்காரர்களின் பதில். மேளமும் பாட்டும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நள்ளிரவில் சாமி கதை பாடும்போது அண்ணாவியின் குரல் கேட்காதபடி அடுத்த பந்தலின் ஒலிபெருக்கி அலறினால், சாமியாடி எதைக் கேட்டு ஆடுவார்? வருகிற பங்குனிக்கு வரிக்கூட்டம் போடுகிற ஊர்கள், வில்லுக்கான தொகையை முதல் வரியில் எழுதி அச்சாரத்தையும் கொடுத்துவிட்டு, மிச்சப் பணத்தில் மற்றவற்றைப் பேசலாம்.