வாக்காளர் இடாப்பும் வதிவிடமும்
இலங்கை வாக்குரிமை வரலாற்றில் ஓர் ஆராய்ச்சி

குடியாட்சி என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம்மிற் பலர்க்கு நினைவில் எழுவன தேர்தல் மேடையும் வாக்குப் பெட்டியுமேயாம். ஆயின், அவ்விரண்டுக்கும் முற்பட்டதொன்று உண்டு. அதுவே வாக்காளர் இடாப்பு. மேடையிலே பேசுவோர் பலராயிருக்கலாம். பெட்டியிலே சீட்டிட வல்லார், இடாப்பிலே பெயருடையார் மட்டுமே. ஆகவே ஒரு நாட்டின் குடியாட்சி எத்துணை விரிந்தது என்பதை அறிய விரும்புவோன், அந்நாட்டின் இடாப்பில் யார் எழுதப்பட்டனர், யார் நீக்கப்பட்டனர், எக்காரணத்தால் நீக்கப்பட்டனர் என்பவற்றை முதற்கண் ஆராய்தல் வேண்டும். இவ்வாராய்ச்சியை நம் நாட்டின் வரலாற்றில் நிகழ்த்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒருவனை இடாப்பில் எழுதுமுன் அரசு மூன்று வினாக்களைக் கேட்கலாம். நீ எத்தகையவன்? நீ எந்நாட்டவன்? நீ எங்கே வசிக்கின்றாய்? முதலாவது செல்வத்தையும் கல்வியையும் பற்றியது. இரண்டாவது குடியுரிமையைப் பற்றியது. மூன்றாவது வதிவிடத்தைப் பற்றியது. நமது நாட்டின் வாக்குரிமை வரலாறு இம்மூன்று வினாக்களும் ஒன்றன்பின் ஒன்றாக முதன்மை பெற்ற வரலாறே எனலாம்.

வதிவிடத்தை வினவும் வழக்கம் மேனாட்டார் நமக்குக் கொணர்ந்த புதுமையன்று. சோழப் பேரரசன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919ஆம் 921ஆம் ஆண்டுகளில், உத்தரமேரூரிலே பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விளக்குகின்றன. ஓலையிலே பெயரெழுதிக் குடத்தில் இடப்படுதற்கு உரியவன், இறை செலுத்தும் நிலமுடையவனாயும், தன் மனையிலே வீடெடுத்து வாழ்பவனாயும் இருத்தல் வேண்டும் என்பது அங்கே விதி. அவ்விதி வாரிய உறுப்பினராதற்குரிய தகுதியைக் கூறுவதேயன்றி இக்காலத்து வாக்குரிமையைக் கூறுவதன்று. எனினும், ஊர்க் கருமத்திற் பங்குகொள்பவன் அவ்வூரில் வேரூன்றியவனாதல் வேண்டும் என்ற கருத்து நம் முன்னோர்க்கும் உடன்பாடாயிருந்தமை இதனாற் பெறப்படும்.

சிலர்க்குரிய வாக்கு

பிரித்தானியர் ஆட்சியில், சட்டநிரூபண சபை 1833ஆம் ஆண்டிலே தோன்றிற்று. ஆயினும் அதன் உறுப்பினர் நீண்டகாலம் நியமனம் பெற்றவராகவே இருந்தனர். 1911ஆம் ஆண்டின் இறுதியிலேதான் கற்ற இலங்கையர்க்கென ஓர் இடம் தேர்தலுக்கு விடப்பட்டது. அத்தேர்தலிற் சேர் பொன்னம்பலம் இராமநாதன் வெற்றியெய்தினார். அக்காலத்து வாக்காளர் ஒரு சிறு கூட்டத்தினரே. 1924ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின்னரும், நாட்டு மக்களுள் நூற்றுக்கு நால்வரளவினரே வாக்குரிமை பெற்றிருந்தனர். வருவாயும் சொத்தும் எழுத்தறிவும் இல்லாதார் இடாப்பிற்கு அப்பாலே நின்றனர். பெண்கள் எல்லோரும் அப்பாலே நின்றனர்.

1927ஆம் ஆண்டில் வந்த டொனமூர் ஆணைக்குழு இந்நிலையை மாற்றிற்று. ஏ. ஈ. குணசிங்க தலைமையிலான தொழிலாளர் இயக்கம் சர்வசன வாக்குரிமையைக் கோரிற்று. பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தாரும் ஆணைக்குழுவின் முன் தோன்றினர். தோட்டங்களில் உழைக்கும் இந்தியப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என ஆணையாளர் வினவியபோது, அவர்களும் பெண்களேயாதலின் வேண்டும் என அச்சங்கத்தைச் சேர்ந்த அக்னஸ் த சில்வா தயக்கமின்றி விடையிறுத்தார் என்பர். மறுபுறத்தில், இராமநாதன் முதலிய மூத்த தலைவர்கள் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தனர். ஆணைக்குழுவினர் 1928ஆம் ஆண்டறிக்கையில் ஆடவர்க்கு 21 வயதிலும் பெண்டிர்க்கு 30 வயதிலும் வாக்களிக்க விதந்துரைத்தனர். முடிவில் இருபாலார்க்கும் 21 வயதே எல்லையாயிற்று. பிரித்தானியப் பெண்டிர் ஆடவரோடொத்த வாக்குரிமையைப் பெற்றதும் 1928ஆம் ஆண்டிலேதான் என்பதை நோக்குமிடத்து, இம்மாற்றத்தின் பெருமை விளங்கும்.

1931ஆம் ஆண்டுத் தேர்தலில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளுக்கும் எவரும் வேட்பு மனுத் தாக்கல் செய்யவில்லை. பூரண சுயராச்சியத்தை வேண்டிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு, டொனமூர்த் திட்டம் அதனை அளிக்கவில்லையென்று பகிட்கரிப்பை முன்னின்று நடத்திற்று. அவ்வியக்கத்தின் முதல்வருள் ஒருவராகிய ஹன்டி பேரின்பநாயகம் அவர்கள் பிற்காலத்திற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கினார். அந்நான்கு இடங்களும் 1934ஆம் ஆண்டிலேயே நிரப்பப்பட்டன. அன்று இடாப்பிலே பெயர் இருந்தது. வாக்களிக்கத் தேர்தல் இருக்கவில்லை. பின்னொரு காலத்தில் இது தலைகீழாக மாறியதைக் கீழே காண்போம்.

நீ எந்நாட்டவன்?

சொத்து என்னும் வேலி வீழ்ந்தபோது வேறொரு வேலி எழுந்தது. தோட்டத் தொழிலாளர் அனைவரும் வாக்குப் பெறுவாராயின் மலைநாட்டுச் சிங்கள மக்களின் செல்வாக்குக் குன்றும் என்ற அச்சம் அரசாங்கத் தலைவர்களிடையே பரவிற்று. அதன் பயனாக, இலங்கையை நிரந்தர வதிவாகக் கொண்டவர்க்கே பொதுவாக வாக்கு என்ற விதி 1931ஆம் ஆண்டுக் கட்டளையில் இடம்பெற்றது. அவ்வாறு காட்ட இயலாதவர், எழுத்தறிவும் சொத்தும் உடையவரென்றோ, நிரந்தரமாகக் குடியேறியவரென்னுஞ் சான்றிதழ் பெற்றோ பதிவுபெறல் வேண்டும். 1931ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஓரிலட்சம் இந்தியர் இடாப்பில் இருந்தனர். 1939ஆம் ஆண்டளவில் அத்தொகை இரண்டிலட்சத்தைக் கடந்தது. அதன்பின் இடாப்பைத் திருத்தும் அலுவலர் கடுமையான விசாரணை நடத்தத் தொடங்கவே தொகை மீண்டும் குறைந்தது. சட்டத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை. விசாரிக்கும் முறையே மாறிற்று. வாக்குரிமையைச் சட்டசபையிலே மட்டுமன்றிப் பதிவு அலுவலரின் மேசையிலும் குறைத்தல் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

சுதந்திரத்தின் பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இலங்கைக் குடி யார் என்பதை வரையறுத்தது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், இந்திய பாகிஸ்தானிய வதிவோர், மணமானவராயின் ஏழாண்டும் மணமாகாதவராயின் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை நிறுவிக் குடியுரிமை கோரலாம் என்றது. அவ்வாண்டின் 48ஆம் இலக்கச் சட்டமோ, குடிகளல்லாதார் பெயரை வாக்காளர் இடாப்பினின்றும் அகற்றிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டிலே பல தொகுதிகளை வென்ற இலங்கை இந்தியர் காங்கிரசு, 1952ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தில் ஓரிடமும் பெறவில்லை. அவ்வாண்டு எஸ். தொண்டமான் முதலியோர் சத்தியாக்கிரகம் இயற்றினர்.

வழக்கும் ஒன்று எழுந்தது. றுவான்வெல்லைத் தொகுதியில் தம் பெயர் சேர்க்கப்படாமையை எதிர்த்துக் கொடக்கன்பிள்ளை என்பார் தொடுத்த அவ்வழக்கு, 1953ஆம் ஆண்டிற் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்தார்க்கு மட்டும் தடையை விதிக்கும் சட்டத்தை இயற்றப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. எனினும், தன் குடிகள் யாவர் என வரையறுத்தல் ஓர் அரசின் இயல்பான உரிமை என்றும், இச்சட்டங்கள் ஓர் இனத்தைக் குறித்து இயற்றப்பட்டனவல்ல என்றும் நீதியரசர் தீர்த்தனர். சட்டத்தின் சொற்களில் இனப்பெயர் இல்லை. அதன் விளைவிலோ இருந்தது. இவ்வேறுபாட்டை வரலாற்று மாணவர் கூர்ந்து நோக்குதல் தகும்.

இன்னொரு நுட்பமும் ஈண்டுக் கவனிக்கற்பாலது. சோல்பரித் திட்டத்தின்படி, ஒவ்வொரு 75,000 மக்களுக்கும் ஓரிடமும் ஒவ்வோர் 1,000 சதுரமைலுக்கு மேலுமோரிடமும் மாகாணங்களுக்கு வழங்கப்பட்டன. இங்கே எண்ணப்பட்டவர் வாக்காளர் அல்லர், மக்கள் அனைவருமாவர். ஆகவே, வாக்கிழந்த தோட்ட மக்களின் தலைகள் தொகுதிகளைக் கணக்கிடுதற்குப் பயன்பட்டன. அத்தொகுதிகளில் வாக்களித்தவரோ அவர்தம் அயலவர். வாக்கிழந்தோர் மீண்டும் இடாப்பேற நெடுங்காலம் சென்றது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரின் கதியை எண்ணிக்கையாற் பங்கிட்டது. 1988ஆம் 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களே எஞ்சியோர்க்குக் குடியுரிமை நல்கின. 1931இல் வாக்களித்த ஒருவரின் பேரர், அவ்வுரிமையைப் புதிதாகப் பெறவேண்டியவரானார்.

நீ எங்கே வசிக்கின்றாய்?

இனி மூன்றாம் வினாவுக்கு வருவோம். முன்னைய கட்டளைகளின்படி, இடாப்புத் தயாரிக்கும் நாளுக்கு முற்பட்ட பதினெட்டு மாதங்களுள் ஆறு மாதமேனும் தொகுதியில் வதிந்தவரே அங்கே பதிவுபெற்றனர். 1955ஆம் ஆண்டிலே தேர்தற் றிணைக்களம் அமைந்தது. 1959ஆம் ஆண்டிலே வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆயிற்று. 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க வாக்காளர் பதிவுச் சட்டம், ஆண்டுதோறும் யூன் முதலாந் திகதியில் ஒருவர் சாதாரணமாக வதியும் முகவரியே பதிவுக்கு அடிப்படை என்றது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் அந்நாளைப் பெப்ரவரி முதலாந் திகதியாக்கி, அதன்பின் பதினெட்டு வயது நிறைவோரைத் துணை இடாப்புக்களிற் சேர்க்கவும் வழிசெய்தது. முன்னாளில் விதானையாரும் இந்நாளிற் கிராம அலுவலரும் வீடுதோறும் வழங்கும் படிவமே இப்பெருங் கட்டடத்தின் அத்திவாரமாகும்.

வீட்டிலே வதிபவனுக்கு இவ்விதி எளிது. வீட்டைவிட்டு நீங்கியிருப்பவன் நிலை யாது? தொழிலின் பொருட்டு நீங்கியோருள் ஒரு பகுதியினர்க்குச் சட்டம் அஞ்சல் வாக்கை அளித்துள்ளது. தேர்தற் கடமையில் ஈடுபடுவோர், படையினர், பொலிசார், புகையிரதம் அஞ்சல் முதலிய சேவையாளர் ஆகியோர், கடமையின் காரணத்தால் நேரிற் சென்று வாக்களிக்க இயலாதென விண்ணப்பித்து, தேர்தல் நாளுக்கு முன்னரே, அத்தாட்சிப்படுத்தும் அலுவலர் முன்னிலையில் இரகசியமாகச் சீட்டை அடையாளமிட்டு முத்திரையிட்ட உறையில் அனுப்புவர். 2024ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலிற் பதிவுபெற்ற 1 கோடி 71 இலட்சம் வாக்காளருள், ஏழிலட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு வாக்களிக்கத் தகுதி பெற்றனர். தனியார் துறை ஊழியர்க்கோ வாக்களித்து வருதற்குச் சம்பளத்துடன் நான்கு மணிக்குக் குறையாத விடுமுறையே சட்டம் கூறுவது. கொழும்பிலே கடையொன்றில் ஊழியம் செய்து, பருத்தித்துறையிலே பதிவுபெற்ற இளைஞனுக்கு நான்கு மணி எதற்குப் போதும்? கடல் கடந்து உழைக்கும் குடிகளுக்கு, 2024ஆம் ஆண்டுத் தேர்தல்கள் வரை, அங்கிருந்தே வாக்களிக்கும் வழி எதுவும் ஏற்படவில்லை.

தொழிலால் அன்றிப் போரால் வீட்டை இழந்தோரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. வதிவிடமே தகுதியாயின், வதிவிடத்தினின்றும் துரத்தப்பட்டவன் தகுதியையும் இழப்பான். இவ்விடரை உணர்ந்தே 1988ஆம் ஆண்டிற் பதிவுச் சட்டத்துக்குச் சிறப்பேற்பாடுகள் செய்யப்பட்டன. 1990ஆம் ஆண்டில் வடமாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், புத்தளம் முதலிய இடங்களில் அமைந்த சிறப்பு வாக்களிப்பு நிலையங்களிலே தம் பழைய மாவட்டத்துக்கு வாக்களித்தனர். 2013ஆம் ஆண்டில், வடமாகாண சபையின் முதற் றேர்தலுக்குச் சிலகாலம் முன்னர், போரால் இடம்பெயர்ந்தோர் தம் சொந்தவூரிலே பதிவுபெறற்கு இன்னொரு சிறப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சொந்த மனைக்கு மீளுமுன்னும் சொந்தவூரின் இடாப்பில் இருத்தல் கூடும் என்று சட்டம் ஒப்புக்கொண்டமை ஒரு பெரும் முன்னேற்றமே.

இடாப்பின் எண்ணும் ஆசனத்தின் எண்ணும்

இவ்விடத்து 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 98ஆம் உறுப்புரை நம் கருத்துக்குரியது. மாவட்டங்களுக்குரிய 196 ஆசனங்களுள், மாகாணத்துக்கு நான்காக 36 ஆசனங்கள் ஒதுக்கப்படும். எஞ்சிய 160 ஆசனங்களும், இடாப்பிற் பதிவுபெற்ற வாக்காளர் தொகைக்கேற்பப் பங்கிடப்படும். சோல்பரித் திட்டம் மக்களை எண்ணிற்று; இவ்வமைப்போ இடாப்பிலுள்ள பெயர்களை எண்ணுகின்றது. வாக்கில்லாத மக்களின் தலைகள் பிறர்க்குப் பயன்பட்ட குறை இதனால் நீங்கிற்று. ஆனால் வேறொரு விளைவு தோன்றிற்று. ஊரைவிட்டு நீங்கியோர் பெயர் இடாப்பினின்றும் நீங்கவே, ஊரில் இருப்போரின் பிரதிநிதித்துவமும் உடன் குறையலாயிற்று.

கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2010ஆம் ஆண்டில் ஒன்பது உறுப்பினரைத் தெரிந்தனுப்பிற்று. போர்க்கால இடாப்புத் திருத்தப்பட்டபின், 2015ஆம் ஆண்டிலும் 2020ஆம் ஆண்டிலும் அத்தொகை ஏழாயிற்று; 2024ஆம் ஆண்டில் ஆறாயிற்று. இதனைச் சூழ்ச்சி என்று மட்டுங் கூறி அமைதல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. இறந்தோரையும் பிறநாடு சென்றோரையும் இடாப்பில் வைத்திருத்தல் முறையன்று. அவ்வாறு வைப்பின் ஆள்மாறாட்டத்துக்கு அது வாயிலாகும். எனினும், போரும் புலப்பெயர்வும் ஒரு சமுதாயத்தின்மீது இட்ட வடு, இடாப்பின் வழியே பாராளுமன்றத்தின் ஆசன வரிசையிலும் பதிந்துவிட்டது என்பதை மறுத்தல் இயலாது. 1931இல் நாமே விரும்பி நான்கு ஆசனங்களை வெறுமையாக விட்டோம். பின்னரோ தேர்தல் இருந்தது, எழுதுதற்குரிய பெயர்கள் குறைந்தன.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். வாக்குரிமை ஒருமுறை பெற்றபின் என்றும் நிலைக்கும் பொருளன்று என்பது ஒன்று. மலைநாட்டு மக்களின் வரலாறே சான்று. பொதுவான சொற்களில் அமைந்த விதியும் ஒரு சாராரைத் தனித்துத் தாக்கவல்லது என்பது மற்றொன்று. வதிவிடவிதி ஊரோடு பிணைந்தவனைக் காப்பதுபோல ஊரிழந்தவனை வருத்தும் என்பது மூன்றாவது. ஆதலின், அஞ்சல் வாக்கை அரச ஊழியர்க்கு அப்பாலும் விரித்தலும், தொலைவிலே தொழில் புரிவோர்க்கு வாக்களிக்கும் வாய்ப்பை நல்குதலும் அரசு ஆராயவேண்டிய கருமங்களாம்.

அரசின் கடமை அதுவாக, நமது கடமையும் ஒன்றுண்டு. ஆண்டுதோறும் கிராம அலுவலர் கொணரும் படிவத்தைப் பெரியோர் பலர் பொருட்படுத்துவதில்லை. பதினெட்டு வயது நிறைந்த மாணவர் பலர் தம் பெயர் அதில் எழுதப்பட்டதோ என வினவுவதுமில்லை. இடாப்பின் பிரதி பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுங் காலத்தில், விடுபட்ட பெயரைச் சேர்க்கக் கோரவும் தகாத பெயரை ஆட்சேபிக்கவும் சட்டம் இடந்தருகின்றது. அக்காலங் கடந்தபின் முறையிடுவதாற் பயனில்லை. வயது நிறைந்த மாணவ மாணவியர் இவ்வாண்டே அவ்விடாப்பைப் பார்த்துத் தம் பெயரையும், எழுத்தறியாத அயலவரின் பெயரையும் உறுதி செய்வாராக.