மேட்டுநிலமும் மாறிவந்த எல்லைகளும்

1964ஆம் ஆண்டில் தேன்கனிக்கோட்டையில் பிறந்து, பிறந்த வீட்டிலேயே இன்றளவும் வாழ்ந்துவரும் ஒருவர் மூன்று மாவட்டங்களின் குடியாக இருந்திருப்பார். பிறந்தபோது சேலம் மாவட்டம். 1965 அக்டோபர் 2 முதல் தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். இடையே 1969இல் சென்னை மாநிலமும் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது. ஊர் நின்ற இடத்திலேயே நிற்க, அதன் முகவரி மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

இம்மாற்றங்களின் வேர் நில அமைப்பில் உள்ளது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை ஆகியவை அடங்கிய பகுதி மைசூர்ப் பீடபூமியின் தென்கிழக்கு விளிம்பாகும். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்த இம்மேட்டுநிலத்தின் குளிர் கண்டே தளியைக் ‘குட்டி இங்கிலாந்து’ என ஆங்கிலேயர் அழைத்தனர். நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை ஓசூரை ஒட்டி ஓடுகிறது. அஞ்செட்டிக் காட்டோடைகளோ காவிரியை நாடுகின்றன. நிலம் மைசூரோடு சேர்ந்தது. நீரோ தமிழகத்தின் ஆறுகளுக்கு உரியது.

1791இல் கும்பினிப் படை ஓசூரையும் இராயக்கோட்டையையும் கைப்பற்றியது. எனினும் 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் கும்பினிக்குச் சேர, ஓசூர் மேட்டுநிலம் திப்பு சுல்தானிடமே நின்றது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணைநின்ற தாமஸ் மன்றோவும் கீழ்நாட்டில் நிலம் அளந்து, உழவரிடம் நேராகத் தீர்வை பெறும் இரயத்துவாரி முறைக்கு அடிகோலிய ஏழாண்டுகளில், கணவாய்க்கு மேற்பட்ட ஊர்கள் மைசூருக்கே வரி செலுத்தின. 1799இல் திப்பு வீழ்ந்தபின் எல்லைக்கோடு கணவாய் ஏறியது. தாலகாட், பாராமகால், பாலகாட் என மூன்று பிரிவுகளாக எண்ணப்பட்ட சேலம் மாவட்டத்தில், பாலகாட் என்னும் மேல்நாடாக ஓசூர் வட்டாரம் இணைந்தது.

அன்று தொடங்கிய இருதிசை இழுப்பை ஒரு பெருமகனின் வாழ்விலும் காணலாம். 1878இல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி கல்லூரிக் கல்விக்குப் பெங்களூர் சென்றார். வழக்கறிஞர் தொழிலைச் சேலத்தில் நடத்தி, 1917இல் அந்நகராட்சியின் தலைவரானார். கல்விக்கு ஒரு திசை, நீதிமன்றத்திற்கு மறு திசை என்பது இம்மண்ணின் இயல்பாகவே இருந்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதும், தமிழ், தெலுங்கு, கன்னடம் என மும்மொழியும் புழங்கும் இம்மேட்டுநிலம் சென்னை மாநிலத்திலேயே தொடர்ந்தது.

இது இந்நாட்டுக்கே உரிய நிலையன்று. இங்கிலாந்தில் பென்னைன் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் அமைந்த சாடில்வொர்த் பகுதியின் நீர் மான்செஸ்டர் பக்கமே வடியும். ஆயினும் அது நெடுங்காலம் மலைக்குக் கிழக்கேயுள்ள யார்க்‌ஷயரைச் சேர்ந்திருந்தது. 1974 ஏப்ரல் 1இல் பெருநகர் வட்டாரங்கள் அமைக்கப்பட்டபோது, அது பெரு மான்செஸ்டரின் ஓல்டம் வட்டாரத்தில் சேர்க்கப்பட்டது. நீரும் ஆட்சியும் ஒன்றுபட்ட பின்பும், அம்மக்கள் ஆகஸ்டு 1ஆம் நாளை யார்க்‌ஷயர் நாளாகக் கொண்டாடுவதை விடவில்லை. சட்டம் ஆட்சியை மாற்றும், பற்றை மாற்றுவதில்லை.

அதனால் எல்லைக்கோடுகள் பொருளற்றவை என்று கூறிவிட இயலாது. சேலத்திலிருந்து தருமபுரிக்கும், அங்கிருந்து கிருஷ்ணகிரிக்கும் ஆட்சித் தலைமையிடம் படிப்படியாக அருகே வந்தது. பட்டாவுக்கோ உதவித்தொகைக்கோ மனு ஏந்திச் செல்லும் ஏழைக்கு அது ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தும் செய்தி. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின் ஓசூர் விரைந்து வளர்ந்து, 2019இல் மாநகராட்சியாயிற்று. தேன்கனிக்கோட்டை வட்டத்தினின்று அஞ்செட்டி தனி வட்டமாகப் பிரிந்தது. மலைக்காட்டு ஊர்களுக்கு அதுவும் தொலைவைக் குறைத்த மாற்றமே.

கோடுகள் வழியைச் சுருக்கின, வாய்மொழியைப் பிரிக்கவில்லை. சந்தையில் ஒரு மொழியில் விலை கேட்டு, மறுமொழியில் பேரம் பேசி, மூன்றாவதில் உறவு விசாரிக்கும் வழக்கம் எந்த அரசாணையாலும் உண்டானதன்று. ஆங்கிலப் பதிவேடுகள் டகர ஒலியில் தொடங்கி எழுதும் ஊர்ப்பெயரில் தமிழ்ச் செவி தேனையும் கனியையும் கேட்டது. மாவட்டங்கள் மாறிய காலமெல்லாம் மாறாது நின்றது அப்பெயர்.