காலடியில் சில பெயர்கள்

பெர்லின், கொலோன் மாதிரி ஜெர்மன் ஊர்கள்ல நடைபாதையில் போகும்போது, கற்களுக்கு நடுவே உள்ளங்கை அளவுல ஒரு பித்தளைத் தகடு மின்னும். குனிஞ்சு பார்த்தா, 'இங்கே வசித்தவர்' என்று ஆரம்பிச்சு ஒரு பெயர், பிறந்த வருடம், பிடிச்சுட்டுப் போன வருடம், கொல்லப்பட்ட இடம். அவ்வளவுதான். அந்த வீட்டிலிருந்து நாஜிகள் இழுத்துட்டுப் போன ஆளோட நினைவுச்சின்னம் அது.

இதுக்குப் பேரு 'ஷ்டோல்பர்ஷ்டைன்'. தமிழ்ல இடறுகல்னு சொல்லலாம். 1992ல் குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் கொலோனில் தொடங்கி வெச்சார். 1996ல் பெர்லினில் அனுமதி வாங்காமலே பதிச்சார். 2023 மே மாதம் நியூரம்பர்க்கில் 1,00,000-வது கல்லும் பதிச்சாச்சு. பெரும்பாலும் யூதர்களுக்கு, ரோமா மக்கள், மாற்றுத்திறனாளிகள் பெயர்களும் உண்டு.

இதில் அரசாங்கத்தைவிட அக்கம்பக்கத்தாரோட உழைப்புதான் அதிகம். நம்ம தெருவில் யார் இருந்தாங்கன்னு பழைய ஆவணங்களைத் தோண்டுறது பள்ளிப் பிள்ளைகளும் குடியிருப்பவங்களும்தான். 1938ல் யூதர் கடைகளையும் கோயில்களையும் அடிச்சு நொறுக்கின நவம்பர் 9ஆம் தேதி வந்தா, துணியும் பாலிஷும் எடுத்துட்டு வந்து மண்டி போட்டுத் துடைக்கிறாங்க.

ஆனா ஒரு கேள்வி. பெயரைக் காலால் மிதிக்கலாமா? புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒத்திக்கிற நமக்கு இது உடனே உறைக்கும். ம்யூனிக் யூத சமூகத் தலைவர் ஷார்லட் க்னோப்ளோக், அந்தக் கொடுமையிலிருந்து தப்பிப் பிழைச்சவர், இதையேதான் கேட்டார். அவங்களை மறுபடி மிதிக்கணுமா என்பது அவர் ஆதங்கம். 2004ல் ம்யூனிக் நகரமன்றம் பொது நடைபாதையில் இந்தக் கற்களை மறுத்தது. 2018 முதல் அங்கே வீட்டுச் சுவரிலோ கம்பத்திலோ, கண் மட்டத்தில் பெயர்ப்பலகை வைக்கிறாங்க.

டெம்னிக் பக்கத்து நியாயம் வேற. படிக்கணும்னா குனியணும், குனிவதே ஒரு வணக்கம்.

2012ல் அதே நவம்பர் 9ஐ ஒட்டிய ராத்திரியில், க்ரைஃப்ஸ்வால்ட் ஊரில் இருந்த 11 கற்களையும் யாரோ பெயர்த்துட்டுப் போனாங்க. அடுத்த வருஷமே மறுபடி பதிச்சுட்டாங்க.

சுவரா, தரையா என்பதில் எனக்கு இன்னும் இழுபறிதான். ஆனா 60 லட்சம் என்று படிக்கும்போது தலைதான் சுத்துது. ஒரு வாசப்படி, ஒரு பெயர்னு பார்க்கும்போது, அக்கம்பக்கத்தில் இருந்தவங்க அன்னிக்கு என்ன பண்ணிட்டிருந்தாங்கன்னு கேட்கத் தோணுது. பெயர்த்தவனுக்கு உறுத்தினதும் அந்தக் கேள்விதானோ என்னவோ.

நீங்க சொல்லுங்க மக்களே, சுவரிலா, தரையிலா?