இரண்டு ரிலேயும் ஒரு ஐசியும்

குருவிகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் ஒரு கோழிக்கூண்டு. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறு மோட்டார் அதன் கதவைக் காலையில் தூக்க வேண்டும், மாலையில் இறக்க வேண்டும். இருபக்கமும் சுழலும் அந்த மோட்டாருக்கு இரண்டு ரிலே போதுமா, எல்298 ஐசி பதித்த போர்டு வேண்டுமா?

ரிலேயில் இரும்புத் தகடு அசைந்து 'டக்' என்கிறது. ஐசியில் எதுவும் அசைவதில்லை. ஆனாலும் உள்ளே ஓடும் கணக்கு ஒன்றே. இரு ரிலேயின் காமன் முனைகளையும் மோட்டாரின் இரு கம்பிகளுக்கும், ரிலே இயங்காதபோது திறந்திருக்கும் என்ஓ முனைகளைப் பிளஸுக்கும், மூடியிருக்கும் என்சி முனைகளை மைனஸுக்கும் கொடுத்துப் பாருங்கள். ஒன்றை இயக்கினால் கதவு ஏறும். மற்றதை இயக்கினால் இறங்கும். இரண்டையும் இயக்கினாலும் விட்டாலும் மோட்டாரின் முனைகள் ஒன்றாகி பிரேக் பிடிக்கும். எனேபிள் கொடுத்த எல்298-இன் இரு இன்புட்டுகளும் இதே நான்கு நிலைகளுக்கு இதே விளைவுகளைத் தருகின்றன. பல கார்களில் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்குவதும் இத்தகைய ரிலே ஜோடிதான்.

வியப்பு, இழப்பில் இருக்கிறது. நவீனமாகத் தோன்றும் எல்298, பழைய பைபோலார் டிரான்சிஸ்டர்களால் ஆனது. 1 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தானே விழுங்கிச் சூடாகிறது, ஹீட் சிங்க் கேட்கிறது. ரிலேயின் தொடுமுனையிலோ இழப்பு மிகச் சொற்பம்; சுருளுக்குச் சுமார் அரை வாட், அதுவும் கதவு நகரும் சில நொடிகளுக்கு மட்டும்.

டயோடு இரண்டுக்கும் தேவை, இடம்தான் வேறு. ரிலேயில் சுருளின் குறுக்கே ஒரு 1என்4007; எல்298-இல் உள்ளே டயோடு கிடையாது என்பதால் ஒரு மோட்டாருக்கு வெளியே வேகமான நான்கு டயோடுகள். போர்டாக வாங்கினால் அவை பதிந்தே வரும்.

ஐசிக்கு உரிய வெற்றி வேகக் கட்டுப்பாடு. நொடிக்கு ஆயிரம் முறை அணைத்து ஏற்றும் பிடபிள்யூஎம்முக்கு ரிலே ஈடுகொடுக்காது. பள்ளி மாணவர் செய்யும் 6 வோல்ட் வண்டிக்கு ஐசிதான் வேண்டும். ஆனால் 6-இல் 2 போனால் என்ன மிஞ்சும்? அங்கே மாஸ்பெட் வகையான டிபி6612 நல்லது.

கூண்டுக் கதவுக்கு என் தேர்வு ரிலே. மல்டிமீட்டரில் மோட்டார் சுருள் 4 ஓம் காட்டினால், கதவு சிக்கி நிற்கும்போது 3 ஆம்பியர் வரை இழுக்கும். எல்298-இல் ஒரு மோட்டாரை ஓட்டும் பகுதிக்கு 2 ஆம்பியர்தான் வரம்பு. 10 ஆம்பியர் ரிலே அதைத் தாங்கும், மோட்டார் நெடுநேரம் தாங்காது. எதைத் தேர்ந்தாலும் கதவு ஓடும் பாதையின் இரு முனைகளிலும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச் வையுங்கள்.