சீனத்து வாளும் நான் விட்ட கதையும்

போன வாரம் சித்தி பையன் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வேர்டு அனுப்பியிருந்தான். சீனாவில் வீரர்கள் கல்லறையில் கிடைச்ச 2,200 வருசத்துப் பழைய வாளாம். குரோம் முலாம் பூசினதாம், களிம்பே பிடிக்கலையாம், விஞ்ஞானிகள் வாயடைச்சுப் போயிட்டாங்களாம். கீழே அவன் சொந்தமா ஒரு வரி: "அண்ணா, இதை நீ அப்பவே சொன்ன இல்ல?"

சொன்னேன் சாமி, சொன்னேன். 2018ல், மூணாவது வருசம் படிக்கிறப்ப, காலேஜ் சிம்போசியத்தில் 'தொலைந்துபோன தொழில்நுட்பங்கள்' என்று ஒரு பேப்பர் பிரசண்ட் பண்ணினேன். அதில் இந்த வாள்தான் ஹீரோ. நடுவராக வந்த சார் ஒருத்தர், "குரோம் முலாம் பூச மின்சாரம் வேணுமேப்பா, எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டார். "அதுதான் சார் மர்மம்" என்றேன். கைதட்டல் பிச்சுக்கிச்சு. இரண்டாம் பரிசு, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அம்மா இன்னும் அதில்தான் ஊறுகாய் வைக்கிறாங்க.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1974 மார்ச்சில், சீனாவின் ஷியான் நகருக்குப் பக்கத்தில் விவசாயிகள் கிணறு தோண்டியபோது கிடைத்ததுதான் இந்தச் சுடுமண் படை. சீனாவை முதன்முதலில் ஒரே நாடாக்கிய பேரரசர் சின் ஷி ஹுவாங் கி.மு. 210ல் இறந்தார். அவருடைய சமாதிக்குக் காவலாக, ஆள் உயரத்துக்குச் சுமார் 8,000 மண் வீரர்கள். ஆக, 'வீரர்கள் கல்லறை' என்பதே தப்பு. அந்தக் குழிகளில் நிற்பதெல்லாம் பொம்மைகள். ஆனால் கையில் கொடுத்த ஆயுதங்கள் நிஜம், அசல் வெண்கலம். மரக்காம்பும் கைப்பிடியும் மட்கிப்போக, வெண்கலம் மட்டும் தப்பித்தது. பல நேற்றுதான் பட்டறையில் இருந்து வந்த மாதிரி இருந்தன.

சில ஆயுதங்களைச் சோதித்ததில் மேற்பரப்பில் கொஞ்சம் குரோமியம் தெரிந்தது. களிம்பு இல்லை, குரோமியம் இருக்கு, அப்போ குரோமியம்தான் காப்பாத்தியிருக்கு. முடிஞ்சது கதை! லாகில் கண்ணில் படுற முதல் எரர்தான் பக்குக்குக் காரணம்னு கை வைக்கிற ஃப்ரெஷர் மாதிரிதான் இது. (நானும் அப்படி வச்சிருக்கேன், ரிலீஸ் அன்னிக்கு ராத்திரி.) ஆனாலும் நாற்பது வருசம் இந்தக் கதை புத்தகம் புத்தகமாக ஓடியது. "ஜெர்மானியர்கள் 1937ல்தான் கண்டுபிடித்தார்கள்" என்று ஒரு வால் வேறு. குரோம் முலாம் 1920களிலேயே வியாபாரத்துக்கு வந்துவிட்டது. அந்த 1937ஐயும் நான் ஸ்லைடில் போட்டிருந்தேன் :-(

பரிசு வாங்கி ஒரு வருசம் கழித்து, 2019ல், 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. மார்கோஸ் மார்டினோன்-டோரஸ் என்பவரும் சீன ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதியது. 464 வெண்கல ஆயுதங்களையும் பாகங்களையும் சோதித்திருக்கிறார்கள். குரோமியம் தென்பட்டது 37ல் மட்டும். அதுவும் பெரும்பாலும் கைப்பிடி, உறை, மரக்காம்பு இவற்றை ஒட்டியிருந்த பாகங்களில். ரொம்ப நல்லா இருந்த சில ஆயுதங்களில் குரோமியமே கிடையாது.

அப்போ எங்கிருந்து வந்தது? லாக்கர் மரத்துப் பாலில் செய்த ஒரு பூச்சை மண் வீரர்கள் மேலும், ஆயுதங்களின் மரப்பாகங்கள் மேலும் பூசியிருக்கிறார்கள், நம்ம வார்னிஷ் மாதிரி. குரோமியம் இருந்தது அந்தப் பூச்சில். மரம் மட்கியபோது அதிலிருந்து பக்கத்து உலோகத்தில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான்!

களிம்பு பிடிக்காததற்கு? லேசான காரத்தன்மை உள்ள, மாவு மாதிரி நைசான ஷியான் மண்தான் பெரிய காரணமாக இருக்கும் என்கிறார்கள். வெண்கலத்தின் கலவையும் உதவியிருக்கிறது. புதுசாக வெண்கலத் துண்டுகள் செய்து சிலதை ஷியான் மண்ணிலும் சிலதை பிரிட்டன் மண்ணிலும் புதைத்து, கடும் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் நாலு மாசம் வைத்துப் பார்த்தார்கள். பிரிட்டன் மண்ணில் இருந்தது நாசம். ஷியான் மண்ணில் இருந்தது கிட்டத்தட்ட புதுசு.

இன்னொரு கதையும் உண்டு. 150 கிலோ சிலைக்கு அடியில் வளைந்து கிடந்த வாள், சிலையைத் தூக்கியதும் டக்கென்று நிமிர்ந்துச்சாம். வெள்ளீயம் அதிகமான வெண்கலம் கடினமானது, அப்படி வளைச்சா ஒடியத்தான் செய்யும். அதுவும் என் பேப்பரில் இருந்தது. கடைசி ஸ்லைடு.

எனக்கு இதில் வயித்தெரிச்சல் எதுன்னா, நிஜமான தொழில்நுட்பம் பக்கத்திலேயே இருந்தும் நான் கவனிக்கலை. அங்கே கிடைத்த வெண்கல அம்பு முனைகள் மட்டும் சுமார் 40,000. நூறு நூறாகக் கட்டு கட்டியவை. ஒரு கட்டுக்குள் உலோகக் கலவை ஒரே மாதிரி, அடுத்த கட்டில் வேற மாதிரி. அப்படின்னா நீளமான ஒரே வரிசையில் ஆளுக்கொரு வேலை இல்லை. சின்னச் சின்ன குழுக்கள், ஒவ்வொன்றும் முழு அம்பையும் செய்து கட்டி அனுப்பியிருக்கிறது என்கிறார்கள். இன்னிக்கு நம்ம ஆபீஸ்ல டீம் பிரிக்கிறதும் அப்படித்தானே!

அதைவிட, சில ஆயுதங்களில் எழுத்து பொறித்திருக்கிறது. தலைமை அமைச்சர் லூ புவெய் பெயர், அதிகாரி பெயர், கடைசியில் அதைச் செய்த தொழிலாளியின் பெயர். சரக்கு சரியில்லைன்னா யாரைப் பிடிக்கணும்னு தெரியணுமே. சுத்தமான கிட் பிளேம்! மந்திரியைச் சரித்திரமே ஞாபகம் வச்சிருக்கு. அந்தத் தொழிலாளி இருந்தான் என்பதற்கு அந்தக் கீறல் மட்டும்தான் சாட்சி. நான் மேடையில் 'மர்மம்' என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியது இவன் வேலைக்கு.

இதையெல்லாம் தம்பிக்கு வாய்ஸ் நோட்டாக அனுப்பினேன், நாலு நிமிசம். ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது.

"அப்ப அந்த டிபன் பாக்ஸ்?"

ஊறுகாய் தீரட்டும்டா.